நீலகிரி மலைச்சாலையும் மின்சார ஸ்கூட்டரும்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் ரயில் நிலையத்தின் உயரம் 2,203 மீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள இருப்புப்பாதையின் நீளம் 46 கி.மீ. மட்டுமே. இந்த உயரத்தை எதைக்கொண்டு ஏறுவது, ஏறியபின் எப்படிப் பத்திரமாக இறங்குவது என்னும் இரண்டு கேள்விகளுக்கு இருநூறு ஆண்டுகளாகத் தேடப்பட்ட விடைகளே நீலகிரிப் போக்குவரத்தின் வரலாறு எனலாம். அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது மின்சார ஸ்கூட்டர். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர நகரவாசிகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட இந்த வண்டி, மலையில் வேறொரு தேர்வை எழுத வேண்டியிருந்தது.

காலடிப் பாதையிலிருந்து பற்சக்கரம் வரை

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு நீலகிரி மலைக்கு ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் செல்லும் பாதை 1821-க்கும் 1823-க்கும் இடையே அமைக்கப்பட்டது. அதற்கு முன்பும் மலையில் பாதைகள் இருந்தன. படகர்களின் ஹட்டிகளையும் தோடர்களின் மந்துகளையும் கோத்தர்களின் ஊர்களையும் இணைத்த ஒற்றையடித் தடங்கள் அவை. அவற்றை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பாதையாகவே எண்ணுவதில்லை. 1830-களில் குன்னூர் மலைப்பாதை திறக்கப்பட்டது. பல்லக்கு, மட்டக்குதிரை, மாட்டுவண்டி ஆகியவற்றுக்குப் பின் குதிரை பூட்டிய டோங்கா வண்டிகள் வந்தன.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான மலை ரயில் 1899 ஜூன் மாதம் ஓடத் தொடங்கியது. 1908-இல் உதகை வரை நீட்டிக்கப்பட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு மிகக் கடுமையானது. ஏறத்தாழ பன்னிரண்டரை அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏறவேண்டும். சாதாரணத் தண்டவாளத்தில் இந்தச் சரிவில் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவே பல்வரிசைத் தண்டவாளம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதில் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. இறங்கும்போது அதே எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. போதாததற்கு, பெட்டிகளில் பிரேக் போடுவதற்கென்றே ஆட்கள் பயணம் செய்கிறார்கள். இவ்வளவு ஏற்பாடும் ஏறுவதற்காக மட்டும் செய்யப்பட்டதன்று, இறங்குவதற்காகவும்தான். 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எல்லோரும் அதன் ஏற்றத்தைப் பாராட்டினார்கள். அதன் இறக்கமும் அதே அளவு பாராட்டுக்குரியது.

பேருந்துகளின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானதற்குப் பிறகு, எஸ்டேட்டுகளுக்கும் ஹட்டிகளுக்கும் அரசுப் பேருந்தே முதன்மையான துணை என்பதை மட்டும் இங்குச் சொன்னால் போதும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் நடைதான். இரு சக்கர வண்டியின் தேவை அங்கிருந்துதான் பிறக்கிறது.

அருவியிலிருந்து மின்சாரம்

மின்சார வண்டி மலைக்குப் புதியது, மின்சாரம் புதியதன்று. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரி அருவியின் நீரிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மின்சாரம் எடுக்கப்பட்டது. தோடர்கள் புனிதமாகக் கருதும் பைக்காரா ஆற்றில், சென்னை மாகாண அரசின் பெரிய புனல்மின் திட்டம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அரசின் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. இராமசாமி ஐயர் அத்திட்டத்துக்காக முனைந்து நின்றவர்களில் முதன்மையானவர். நீர் 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய் வழியே சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கியது. அக்காலத்தில் உலகிலேயே மிக அதிக உயரத்திலிருந்து நீரை இறக்கிய மின்நிலையங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் மாயாறும், கனடா நாட்டு உதவியுடன் குந்தாவும் சேர்ந்தன.

பைக்காரா மின்சாரத்தின் பெரும்பயன் மலைக்குக் கிடைக்கவில்லை, கோயம்புத்தூருக்குக் கிடைத்தது. அங்கே நூற்பாலைகள் பெருகின. கிணற்றுக்கு மின்பம்பு வந்தது. பம்புக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஜி. டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் செய்த மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் நிறைந்த அந்த நகரில்தான், 2008-இல் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் என்னும் மின்வண்டி நிறுவனத்தைத் தொடங்கினார். மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் வளர்த்த ஊர், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மின்சார வண்டி செய்யத் தொடங்கியது.

முதல் தலைமுறை வண்டிகள்

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வேறு சில மின்சார ஸ்கூட்டர்களும் சந்தைக்கு வந்தன. டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்கூட்டி டீன்ஸ் எலெக்ட்ரிக் அவற்றுள் ஒன்று. அக்கால வண்டிகளில் பெரும்பாலானவை ஈய அமில பேட்டரியைக் கொண்டவை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால் ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை என்னும் விதி, அந்த அளவுக்குள் அடங்கிய வண்டிகளுக்கு வழிவகுத்தது.

அத்தகைய வண்டி மலையேறுமா? பள்ளி இயற்பியல் தெரிந்த எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 80 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்று கொள்வோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 127 நியூட்டன். சக்கர உராய்வையும் சேர்த்தால் 145 என்று வைத்துக்கொள்ளலாம். 250 வாட்டை 145-ஆல் வகுத்தால் கிடைக்கும் வேகம் நொடிக்கு 1.7 மீட்டர், அதாவது மணிக்கு 6 கி.மீ. நடந்து போகும் வேகத்தைவிடச் சற்றே அதிகம். குன்னூர் பெட்போர்டு பக்கத்தில் தேயிலைத் தூள் மூட்டை ஒன்றைப் பின்னால் வைத்துக்கொண்டால் அதுவும் கிடையாது. சமவெளித் தெருக்களுக்குப் போதுமான வண்டி மலைக்குப் போதாமல் போனதன் காரணம் இதுவே.

லித்தியம் அயனி பேட்டரியும் திறன் மிகுந்த மோட்டாரும் வந்த பிறகே நிலைமை மாறியது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினர்; அதன் முதல் ஸ்கூட்டர் 2018-இல் விற்பனைக்கு வந்தது. 2020-இல் டிவிஎஸ் ஐக்யூப் அறிமுகமானது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. அதே ஆண்டு ஏத்தரின் ஓசூர் ஆலையும், ஆம்பியரின் இராணிப்பேட்டை ஆலையும் இயங்கத் தொடங்கின. தமிழ்நாடு அரசு 2019-இல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்டு 2023-இல் திருத்தியது. ஒன்றிய அரசின் மானியம் 2021-இல் உயர்ந்து 2023-இல் குறைந்தது; வண்டிகளின் விலையும் அதற்கேற்ப ஆடியது.

இடையே 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. தமிழ்நாட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் விளைவாக, பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன.

ஏற்றத்தின் கணக்கு

புதிய வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். இந்த எடையை மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு, சுமார் 1,870 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி. மோட்டாரில் ஏற்படும் இழப்பையும், சுமார் 50 கி.மீ. சாலையில் உராய்வுக்கும் காற்றுக்கும் செலவாவதையும் கூட்டினால் இரண்டு முதல் இரண்டரை யூனிட் வரை ஆகும். மூன்று யூனிட் பேட்டரி கொண்ட வண்டி மலையுச்சிக்கு வந்து சேரும். ஆனால் உடனே ஊர் சுற்றக் கிளம்ப முடியாது.

ஆயிரம் லிட்டர் நீர் 900 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இரண்டரை யூனிட்தான். சுழலியில் இழப்பது போக இரண்டு யூனிட் தேறும். ஆகவே ஒருவர் ஸ்கூட்டரில் மலையேறுவதற்கு, பைக்காராவில் ஆயிரம் லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் மலையிறங்கினால் போதும். வீட்டு மாடியில் இருக்கும் நடுத்தரத் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு அது.

மலையில் மின்மோட்டாருக்கு இன்னொரு வசதியும் உண்டு. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு எரிவதற்கான காற்று குறைவதால் அதன் வலு குறைகிறது. மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. கீழே இருந்த வலு மேலேயும் இருக்கும்.

இறக்கம்

மலைச்சாலையில் வண்டி ஓட்டக் கற்பவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான். தொடர்ந்து பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விபத்துகள் தொடர்ந்ததால், வெளிமாவட்ட வண்டிகள் அந்த வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டரில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஓரளவுக்கே முடியும்.

இறங்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி, வேகத்தைக் குறைத்து, கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி புதிய மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் உள்ளது. சிங்காராவில் நீர் செய்யும் வேலையை இங்கே வண்டியும் ஓட்டுபவரும் செய்கிறார்கள். ஏறச் செலவானதில் ஒரு பகுதிதான் திரும்பும். முழுவதும் திரும்பும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மலைவாசிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அந்த மின்சாரத்தைவிட, பிரேக்கின் சுமை குறைவதுதான்.

இதில் ஒரு பொறி உள்ளது. பேட்டரி முழுவதும் நிரம்பியிருந்தால், திரும்பி வரும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க அதில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் வேகத்தைத் தடுக்கும் வசதி குறையும், அல்லது இயங்கவே இயங்காது. உதகையில் இரவு முழுவதும் சார்ஜ் செய்துவிட்டுக் காலையில் நேராகக் கீழிறங்குபவருக்கு, மிகவும் தேவைப்படும் இடத்தில் அது கைகொடுக்காது. முற்றும் நிரப்பாமல் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து அளவில் நிறுத்திக்கொண்டு கிளம்புவதே மலைக்கு ஏற்ற வழக்கம்.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நாள்தோறும் போய்வருவோர் பலர். ரயில் நிலையங்களின் உயரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு 490 மீட்டர். குன்னூரில் வீடும் உதகையில் வேலையும் உள்ளவர் நிரம்பிய பேட்டரியுடன் காலையில் ஏறுகிறார், மாலையில் இறங்கும்போது கொஞ்சம் திரும்பப் பெறுகிறார். உதகையில் வீடும் குன்னூரில் வேலையும் உள்ளவர் நிரம்பிய பேட்டரியுடன் இறங்கிவிட்டு, களைத்த மாலையில் ஏறவேண்டும். ஒரே சாலை, ஒரே வண்டி. ஆனால் கணக்கு வேறு.

குளிரும் படிக்கட்டும்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையிலும் அவலாஞ்சியிலும் உறைபனி விழும். குளிரில் லித்தியம் பேட்டரி வழக்கமான தூரத்தைத் தராது. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் சார்ஜ் செய்தால் பேட்டரி கெடும் என்பதால், வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவியே சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும் அல்லது நிறுத்தும். வண்டி வீட்டுக்குள் நின்றால் இந்தச் சிக்கல் பெரிதன்று.

ஆனால் மலையூர்களில் எத்தனை வீடுகளுக்கு வண்டி போகும்? சாலை ஒரு மட்டத்தில் இருக்கும். வீடு ஐம்பது படி கீழேயோ மேலேயோ இருக்கும். வண்டி சாலையோரத்தில் நிற்க, மின்சாரம் வீட்டில் இருக்கும். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத் தேயிலைத் தோட்டம் அமைத்த டேன்டீ குடியிருப்புகளிலும் வண்டிக்கென்று தனி மின்இணைப்பு வைப்பது குடியிருப்பவரின் கையில் மட்டும் இல்லை. நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரி கொண்ட வண்டிகள் இவர்களுக்குப் பொருந்தும். அத்தகைய பேட்டரி ஒன்று பத்துக் கிலோ அளவில் இருக்கும். பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்தவர் மாலையில் அதையும் சுமந்துகொண்டு படியிறங்க வேண்டும்.

2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலில் அவற்றின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. இந்த ஏற்பாடு சுற்றுலா வண்டிகளைப் பற்றியது. உள்ளூர்க்காரர் காலையில் வேலைக்குப் போகும் வண்டி அதில் சேராது. அந்த வண்டிக்கு வேண்டியது, சாலையோரத்தில் மழைக்கு மறைவான ஒரு நிறுத்தமும் பூட்டக்கூடிய ஒரு மின்செருகியும்தான்.