உணவகத்தில் நாய்க்கு இடமுண்டா? நாட்டுக்கு நாடு மாறும் சட்டமும் வழக்கமும்

வெளியே உணவருந்தச் செல்கையில் வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் மேற்கு நாடுகளில் பரவலாகி வருகிறது. பிரிட்டனின் மதுக்கூடங்களிலும், பாரிஸின் காப்பிக் கடைகளிலும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் சிற்றூர் உணவகங்களிலும் மேசைக்கு அடியில் நாய் ஒன்று அமைதியாகப் படுத்திருப்பது நெடுங்காலமாகவே காணக்கூடிய காட்சி. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிலைமை வேறாக இருந்தது. அங்கு சுகாதார விதிகள் நாய்களை உணவகத்துக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தன. 2006 ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான் இந்த விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தப்பட்டன.

இந்த மாற்றம் புலம்பெயர்ந்த தமிழர்களை இரு வகைகளில் தொடுகிறது. அவர்கள் இந்த உணவகங்களின் வாடிக்கையாளர்கள் மட்டுமல்லர். பலர் உணவகங்களை நடத்துபவர்கள், இன்னும் பலர் அங்கு சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் ஆவர். நாயுடன் வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரை உள்ளே அனுமதிக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் இவர்களே. தவறான விடை சில வேளைகளில் வழக்கு வரை இட்டுச் செல்லக்கூடும்.

இரு வகை நாய்கள்

இந்த விவகாரத்தில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை, சட்டம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஒன்றை மக்கள் ஒன்றாகக் கருதுவதால் எழுபவை. ஒன்று, துணைக்காக வளர்க்கப்படும் செல்லப்பிராணி. மற்றது, பார்வையற்றோருக்கும் ஏனைய உடற்குறையுள்ளோருக்கும் உதவப் பயிற்றுவிக்கப்பட்ட நாய். முதலாவதை அனுமதிப்பது பெரும்பாலும் உணவக உரிமையாளரின் விருப்பம். இரண்டாவதை அனுமதிப்பது பல நாடுகளில் அவரது கடமை.

வழிகாட்டி நாய்களுக்கான முதலாவது பயிற்சிப் பள்ளி, முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த படையினருக்காக 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1929 இலும் பிரிட்டனில் 1931 இலும் இந்த முயற்சி வேர்கொண்டது. ஆயினும் நாய் வழிகாட்டிய பல இடங்களில் கதவுகள் திறக்கவில்லை. அவற்றைத் திறந்தது பிற்காலச் சட்டங்களே. அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டின் உடற்குறையுடைய அமெரிக்கர் சட்டம், ஜப்பானில் 2002 ஆம் ஆண்டின் உதவி நாய்கள் சட்டம், பிரிட்டனில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ஆகியன அவற்றுள் சில.

அமெரிக்க விதிகளின்படி, நாயின் பணி வெளிப்படையாகத் தெரியாதபோது உணவக ஊழியர் இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம். உடற்குறை காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? எந்தப் பணிக்காக அது பயிற்றுவிக்கப்பட்டுள்ளது? சான்றிதழ் காட்டும்படியோ, உடற்குறை இன்னதென்று விளக்கும்படியோ கேட்க முடியாது. மனத்துக்கு ஆறுதல் தருவதற்காக மட்டும் வைத்திருக்கும் நாய்கள் இந்தப் பாதுகாப்பின் கீழ் வருவதில்லை. அருகிலிருப்பவருக்கு ஒவ்வாமை இருப்பதோ, நாயைக் கண்டால் அச்சம் ஏற்படுவதோ மறுப்பதற்குரிய காரணங்களாக ஏற்கப்படுவதில்லை. இருவரையும் தள்ளித் தள்ளி அமர்த்துவதே தீர்வாகக் கூறப்படுகிறது. நாய் கட்டுப்பாட்டை மீறி நடந்து, உரியவர் அதை அடக்காவிட்டால், நாயை வெளியேற்றலாம். அப்போதும் அந்த நபருக்கு உணவு வழங்க மறுக்க இயலாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடைமுறை சற்று வேறானது. உதவி நாய் என்பது பார்வைக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால், மருத்துவர் போன்ற பதிவு பெற்ற சுகாதாரத் தொழிலரின் கடிதத்தைக் கேட்க அங்கு இடமுண்டு. பிரிட்டனில் அடையாள அட்டையோ, தனி உடுப்போ சட்டப்படி கட்டாயமில்லை.

ஐரோப்பா: சமையலறைக்குத் தடை, கூடத்துக்கு இல்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 852/2004 என்ற உணவுச் சுகாதார ஒழுங்குவிதி 2006 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. உணவு தயாரிக்கப்படும், கையாளப்படும், சேமித்து வைக்கப்படும் இடங்களுக்குள் வீட்டு விலங்குகள் நுழையாமல் தடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. வாடிக்கையாளர் அமர்ந்து உண்ணும் கூடத்தைப் பற்றி அத்தகைய பொதுத் தடை எதையும் அது விதிக்கவில்லை. ஆகவே முடிவு பெரும்பாலும் உரிமையாளரின் கையில் விடப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின்னரும் பிரிட்டனில் இதே அணுகுமுறை தொடர்கிறது.

இதனால், நாயை அனுமதிப்பதைச் சட்டம் தடுக்கிறது என்று ஒரு லண்டன் உணவகத்தில் சொல்லப்பட்டால் அது சரியான விளக்கமாகாது. அது அந்த உணவகத்தின் சொந்தக் கொள்கை. அத்தகைய கொள்கையை வகுத்துக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை உதவி நாய்கள் விடயத்தில் முடிந்துவிடுகிறது. பிரான்சிலும் வழிகாட்டி நாய்களைப் பொது இடங்களில் அனுமதிக்க வேண்டும் என்ற விதி 1987 முதல் உள்ளது. 2005 இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது.

அமெரிக்கா: ஒரு நாயின் பெயரால் ஒரு சட்டம்

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி உணவு விதித் தொகுப்பு, காவல் துறை நாய்கள், உதவி நாய்கள் போன்ற சில விலக்குகள் தவிர, உணவகங்களில் உயிருள்ள விலங்குகளை நெடுங்காலம் தடுத்து வந்தது. மாநிலங்கள் இந்த மாதிரியைப் பின்பற்றியே தத்தம் விதிகளை வகுக்கின்றன.

இதில் குறிப்பிடத்தக்க விலக்கை ஏற்படுத்தியது ஃபுளோரிடா மாநிலம். 2006 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்துக்கு டிக்ஸி கப் என்ற நாயின் பெயரே இடப்பட்டது. உணவகங்களின் திறந்தவெளிப் பகுதிகளில் நாய்களை அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழங்கிய அச்சட்டம், மூன்றாண்டுச் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது.

கலிஃபோர்னியாவில் 2014 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலம் 2015 இலும், டெக்சஸ் 2019 இலும் இதே வழியில் சென்றன. நியூயார்க்கில், நாய்க்கு உணவோ நீரோ தருவதானால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலங்களிலேயே தரவேண்டும் என்பது நிபந்தனை. இறுதியாக, மாதிரி விதித் தொகுப்பின் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பே, உரிய அதிகாரிகளின் ஒப்புதலுடன் திறந்தவெளிப் பகுதியில் வளர்ப்பு நாய்களை அனுமதிக்க வழிசெய்தது. மாநிலங்கள் முன்னே செல்ல, மாதிரி விதி பின்னே வந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

கனடா, ஆஸ்திரேலியா, ஆசியா

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோ நகரை உள்ளடக்கிய ஒன்டாரியோவில், 2020 ஜனவரி முதல் உணவகங்களின் வெளிப்புற இருக்கைப் பகுதிகளில் நாய்கள் அனுமதிக்கப்படுகின்றன. அபாயம் குறைந்த உணவுகளை மட்டும் விற்கும் இடங்களில் உட்புறத்திலும் இதற்கு இடமுண்டு. முழுச் சமையல் நடைபெறும் உணவகங்களின் உட்கூடங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2010 இல் தனது சட்டத்தைத் திருத்தி, நாய் வாரில் கட்டப்பட்டும் தரையிலேயே இருந்தும் வந்தால் வெளிப்புற மேசைகளுக்கு அருகில் அனுமதிக்கலாம் என்றது. 2012 இல் தேசிய உணவுத் தர விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

ஆசியாவில் மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. வழிகாட்டி நாய்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக உணவகங்களில் நாய்களைத் தடைசெய்து வந்த ஹாங்காங், உரிய அனுமதி பெறும் உணவகங்களில் அவற்றை ஏற்கும் திட்டத்தை 2025 செப்டம்பரில் தனது கொள்கை உரையில் அறிவித்தது.

சுகாதார அபாயம் எவ்வளவு?

நாய்களின் வாயிலும் குடலிலும் மனிதருக்கு நோய் தரக்கூடிய நுண்ணுயிரிகள் இருக்கலாம் என்பதில் ஐயமில்லை. சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சமைக்காத இறைச்சியை உண்ணும் நாய்களிடம் சால்மொனெல்லா காணப்படும் வாய்ப்பு கூடுதல். சிறு குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் துகள்களிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுகின்றன.

அதே வேளையில், அமெரிக்காவில் உணவு வழி நோய்களுக்கு முதன்மைக் காரணமாக உள்ள நோரோ வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. சரியாகக் கழுவப்படாத கைகளே அதன் வாகனம். மேசைக்கு அடியில் படுத்திருக்கும் நாயைவிட, அதைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் தட்டை ஏந்தும் ஊழியரே கவலைக்குரியவர். சட்டங்களின் நிபந்தனைகளும் இந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளன. ஃபுளோரிடாச் சட்டம் நாயைத் தொட்ட ஊழியர் உடனே கை கழுவ வேண்டும், மேசைதோறும் கைத்தூய்மி இருக்க வேண்டும், நாய்கள் நாற்காலியிலோ மேசையிலோ ஏறக்கூடாது, வாடிக்கையாளர் எழுந்து சென்ற பின் இருக்கைகள் துடைக்கப்பட வேண்டும், கழிவை அகற்றும் பொருட்கள் அருகிலேயே வைக்கப்பட வேண்டும், உணவகத்தின் உட்பகுதி வழியாக நாயை அழைத்துச் செல்லக்கூடாது என்று விதிக்கிறது. இந்தப் பட்டியலை நிறைவேற்றும் உழைப்பு யாருடையது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நாயை வரவேற்கும் முடிவை எடுப்பவர் உரிமையாளர். சூடான குழம்புச் சட்டியுடன் நீட்டிய வாரைத் தாண்டி நடக்க வேண்டியவர் பரிமாறுபவர்.

அச்சத்தின் வேர்

தெற்காசியாவில் வளர்ந்த பலருக்கு நாயருகே அமர்ந்து உண்பது இயல்பான செயலாகத் தோன்றுவதில்லை. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழகத்தில் வெறிநாய்க்கடி என்றும் இலங்கையில் விசர்நாய்க்கடி என்றும் அறியப்படும் ரேபிஸ் நோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு நேரும் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை நாய்க்கடியால் வருபவை; உயிரிழப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. பிரிட்டனிலோ, உள்நாட்டு நாய் முதலான நிலவாழ் விலங்குகளிடமிருந்து தொற்றிய ரேபிஸால் மனிதர் இறந்தது கடைசியாக 1902 இல். மதுக்கூடத்து நாயின் அருகே ஓர் ஆங்கிலேயர் அச்சமின்றி அமர்ந்திருப்பதற்குப் பின்னால் கடும் தனிமைப்படுத்தல் விதிகளின் நீண்ட வரலாறு உள்ளது.

சமய நோக்கும் ஒரே தன்மையானதல்ல. வைரவரின் வாகனமாக நாய் போற்றப்பட்டாலும் கோயிலுக்குள் அதற்கு இடமில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் பின்பற்றும் ஷாஃபி சட்டப் பிரிவில் நாயின் ஈரம் பட்ட கலத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணால், கழுவ வேண்டும் என்பது விதி. எனவே ஹலால் உணவகம் நடத்துபவர் செல்லப்பிராணிகளை அனுமதிக்காமல் இருப்பது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் பிரிட்டனில் சமய நம்பிக்கை உதவி நாயை மறுக்கும் காரணமாக ஏற்கப்படுவதில்லை. பயிற்சி பெற்ற உதவி நாய்கள் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களுக்குள் வரலாம் என்று அந்நாட்டின் முஸ்லிம் சமயத் தலைவர்களும் விளக்கமளித்துள்ளனர்.

நாயை அழைத்து வருவோர் அறிய வேண்டியவை

பொறுப்பு நாயை வளர்ப்போருக்கும் உண்டு. நாயை அனுமதிக்கும் உணவகம் என்ற அறிவிப்பு எங்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. சில இடங்களில் அது வெளிமுற்றத்தை மட்டும் குறிக்கும். பிரிட்டனின் பல மதுக்கூடங்களில் மது அருந்தும் பகுதியை மட்டும் குறிக்கும், உணவுக் கூடத்தை அல்ல. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மேசையிலிருந்து உணவைக் கிள்ளிக் கொடுப்பது நாய்க்கே ஆபத்தாகலாம். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. இவை இல்லாத தமிழ்க் குழம்பு அரிது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சாக்லேட், சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவையும் நஞ்சாகும். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கலாம்.

வளர்ப்பு நாய்க்கு இடம் கொடுப்பதா என்பது வணிகத்தையும் வசதியையும் பொறுத்த முடிவு. அதில் ஓர் உணவகம் ஆம் என்றும் அடுத்த உணவகம் இல்லை என்றும் சொல்லலாம், இரண்டும் நியாயமே. பார்வையற்ற ஒருவரை அவரது வழிகாட்டி நாயின் காரணமாகத் திருப்பி அனுப்புவது அத்தகைய முடிவல்ல. அங்கு மறுக்கப்படுவது நாய்க்கான இடமல்ல, மற்றவர்களைப் போல ஒரு மேசையில் அமர்ந்து உண்ணும் அந்த மனிதரின் உரிமை. வாசலில் நிற்கும் ஊழியர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால், பெரும்பாலான பிணக்குகள் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும்.