தோல், பூச்சிமருந்து, பீடி: வட ஆற்காட்டில் தொழிலாளரின் மரபணுச் சேதத்தை அளந்த வரலாறு

வேலூரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் தெற்கே போனால் அடுக்கம்பாறையைத் தாண்டிக் கணியம்பாடி வரும். தென்மேற்கில் ஜவ்வாது மலையின் சரிவுகள். சுற்றிலும் நெல், கரும்பு, நிலக்கடலை. வடக்கே பாலாறு. அந்த ஆற்றையொட்டி வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள். 1989 வரை இவை எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். வயலில் மருந்தடிப்பவர், டேனரியில் தோல் புரட்டுபவர், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண் ஆகிய மூவரும் இந்த மாவட்டத்தின் வழக்கமான உழைப்பாளிகள். மூவரும் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கு உயிரணுவின் டி.என்.ஏ.வைத் தாக்கும் திறன் உண்டு. அந்தத் தாக்குதலை அளக்கும் முறை உலகில் எப்படி வளர்ந்தது, இந்த மாவட்டத்துக்கு எப்படி வந்தது, வந்த பின் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். இங்கே அளவீடு நடந்திருக்கிறது. அதைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டிய மக்கள் பதிவேடும் பக்கத்திலேயே, கணியம்பாடி ஒன்றியத்திலேயே இருக்கிறது. இரண்டும் தனித்தனிப் பாதையில் வளர்ந்துவிட்டன என்பது என் வாதம்.

தோலிலிருந்து தொடங்குவோம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தென்னிந்தியாவின் பழைய தொழில். குரோமியம் உப்பால் பதனிடும் முறையை இங்கே கொண்டுவந்தவர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903 வாக்கில் அவர் சோதனை தொடங்கியதற்குக் காரணம் உழவு: கவலை இறைக்கும் தோல் பறி தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் கிழிந்தது, குரோம் தோல் நின்று உழைத்தது. அடுத்த பத்தாண்டில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆனாலும் பாலாற்றங்கரையில் குரோமியம் பெருவாரியாகப் புழங்கியது 1970களில்தான். 1972இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பப் பரிந்துரைத்தது. ஆவாரம்பட்டைக் குழிகளின் இடத்தில் குரோம் டிரம்கள் சுழலத் தொடங்கின. அவற்றுக்குத் தேவையான உப்பைச் செய்ய ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1970களின் நடுவில் இயங்க ஆரம்பித்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது வெட்டவெளியில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன்.

இங்கே வேதியியலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது உயிரணுச் சவ்வை எளிதில் கடப்பதில்லை. குரோமேட் ஆலையின் கழிவிலும், மூன்றாம் நிலைக் குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடையும் இடங்களிலும் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது. அதன் வடிவம் சல்பேட்டை ஒத்திருப்பதால் சல்பேட் நுழையும் வாசல் வழியாகவே உயிரணுவுக்குள் போய்விடும். உள்ளே போனதும் அது மூன்றாம் நிலைக்கு இறங்குகிறது. இறங்கும்போது பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகள் டி.என்.ஏ. இழையை வெட்டுகின்றன, இறங்கி முடித்த குரோமியம் அந்த இழையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறாம் நிலைக் குரோமியத்தை 1990இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்தது. மூன்றாம் நிலை அந்தப் பிரிவில் இல்லை. ‘குரோமியம் ஆபத்தில்லை’ என்று ஒரு தரப்பும் ‘குரோமியம் நஞ்சு’ என்று இன்னொரு தரப்பும் பேசும்போது பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டுப்பட்ட இழையைக் கண்ணால் பார்ப்பது எப்படி? எக்ஸ் கதிர் மரபுப் பண்பை மாற்றும் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் பழ ஈயில் காட்டினார். வேதிப்பொருளும் அதையே செய்யும் என்று சார்லட் அவர்பாக், கடுகு வாயுவை வைத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடின்பரோவில் கண்டறிந்தார். போர் ரகசியமாதலால் முடிவு வெளிவரப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதரிடம் பார்க்க வழி பிறந்தது 1956க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் மனித உயிரணுவில் இருப்பவை 46 குரோமோசோம்கள் என்று உறுதிசெய்தனர். 1960இல் பீட்டர் நோவல், ராஜ்மா அவரையின் சாறு இரத்த வெள்ளணுக்களைப் பிரியத் தூண்டுகிறது என்று கண்டார். தொழிலாளி கையிலிருந்து சில மில்லி இரத்தம் எடுத்தால் போதும் என்ற நிலை அதோடு வந்தது.

அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. ஊட்டக் கரைசலில் அரை மில்லி இரத்தம், அவரைச் சாறு, 37 டிகிரி வெப்பத்தில் இரண்டு முதல் மூன்று நாள். முடிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு கோல்ச்சிசின் சேர்க்கிறார்கள். பிரிந்துகொண்டிருக்கும் உயிரணு அந்த இடத்திலேயே நின்றுவிடும். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சும் இதுவே. பிறகு உப்பு குறைந்த கரைசலில் உயிரணு நீர் குடித்து உப்புகிறது. மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து அதை நிலைநிறுத்தி, குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள். உருப்பெருக்கியின் கீழ் ஊதா நிறத்தில் குரோமோசோம்கள் பரவிக் கிடக்கும். ஆளுக்கு நூறு உயிரணு என்று உட்கார்ந்து எண்ண வேண்டும்: துண்டு உடைந்தவை எத்தனை, இரண்டு ஒட்டிக்கொண்டு இரட்டை இடையுடன் நிற்பவை எத்தனை, வளையமாகச் சுருண்டவை எத்தனை. எண்ணுகிறவருக்கு இரத்தம் யாருடையது என்று தெரியக்கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

இது மெதுவான, செலவான வேலை. அதனால் எளிய வழிகள் தேடப்பட்டன. உடைந்த துண்டு புதிய உட்கருவில் சேர முடியாமல் தனியே சிறு உருண்டையாக நின்றுவிடுவதை நுண்கரு என்பர். 1985இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் ஃபெனெக்கும் அலெக் மார்லியும், ஒருமுறை மட்டும் பிரிந்த உயிரணுவைத் தனியே அடையாளம் காட்டும் முறையைத் தந்தபின் நுண்கருவை எண்ணுவது நம்பகமாயிற்று. கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச்சும் மிரியம் ரோசினும் இன்னும் எளிதாக்கினர்: இரத்தமே வேண்டாம், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டினால் போதும். ஸ்டிச் 1980களில் கேரளத்தில் வெற்றிலை புகையிலை போடும் மீனவரிடம் இதைப் பயன்படுத்தினார். 1988இல் வந்தது வால்வெள்ளிச் சோதனையின் காரக் கரைசல் வடிவம். மின்புலத்தில் வைத்தால் உடைந்த டி.என்.ஏ. உட்கருவிலிருந்து வால்போல் நீளும். வால் நீண்டால் சேதம் அதிகம். அதை வடித்தெடுத்த நரேந்திர சிங் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற அறிவியலாளர்.

இந்தியாவில் இந்த ஆய்வு ஹைதராபாத்தில் வேரூன்றியது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பி.பி. ரெட்டி குழுவினர் 1980களின் பிற்பாதியிலிருந்து திராட்சைத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் மருந்தடிப்பவர்களின் வெள்ளணுக்களைப் பார்த்து, குரோமோசோம் சேதம் கூடியிருப்பதைப் பதிவுசெய்தனர். அதே நகரத்து இந்திய வேதித் தொழில்நுட்ப நிலையத்தில் பரம்ஜித் குரோவர் குழு 2003இல் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளரையும், 2004இல் குரோமியம், நிக்கல் புகையை முகரும் 102 வெல்டர்களையும் வால்வெள்ளிச் சோதனைக்கு உட்படுத்தியது. இரு ஆய்விலும் தொழிலாளரின் டி.என்.ஏ. வால் ஒப்பீட்டுக் குழுவினருடையதைவிட நீளம். மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ரஜனி பிசே பீடித் தொழிலாளரை எடுத்துக்கொண்டார். பீடிப் புகையிலையைப் பதப்படுத்துவோரிடம் குரோமோசோம் பிறழ்ச்சி கூடியிருப்பதாக அவரும் உடன் ஆய்வாளர் மஹிம்கரும் 1995இல் எழுதினர். புகைக்காமல், வெறும் கையாலும் மூச்சாலும் மட்டும் புகையிலையோடு உறவுள்ளவர்களைப் பற்றிய இந்த வேலை, வட ஆற்காட்டுக்குக் குரோமியம் அளவுக்கே முக்கியம் என்று நினைக்கிறேன்.

வட ஆற்காட்டுத் தோல் தொழிலாளர் பற்றிய ஆய்வு 2010இல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. வி. பாலச்சந்தரும் உடன் ஆய்வாளர்களும் 108 பேரை எடுத்தனர்: டேனரியில் வேலை செய்யும் 36 பேர், டேனரியை ஒட்டி நெடுங்காலம் குடியிருக்கும் 36 பேர், ஒப்பீட்டுக்கு 36 பேர். காற்றிலும் சிறுநீரிலும் குரோமியம் அளக்கப்பட்டது. குரோமோசோம் பிறழ்ச்சியும் நுண்கருவும் எண்ணப்பட்டன. தொழிலாளரிடம் சேதம் மிகுதி. அடுத்த நிலையில், ஒருநாளும் டிரம்மைத் தொடாத அக்கம்பக்கத்தார். இரண்டாவது குழுவைச் சேர்த்ததுதான் இந்த ஆய்வின் பெருமை. தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே என்றும் வெளியே என்றும் சட்டம் பிரித்து வைத்திருப்பதை அது ஒரே அட்டவணையில் கொண்டுவந்தது.

சட்டம் பிரித்த விதத்துக்குப் பாலாற்றிலேயே சான்று உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கணக்கிடப்பட்டது கெட்டுப்போன விளைநிலம், ஏக்கர் வாரியாக. மண்ணுக்கு அளவுகோல் இருந்தது. தோல் புரட்டிய கைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் குரோம் புண் இடம்பெற்றது. கண்ணுக்குத் தெரியும் புண் அது. உடைந்த குரோமோசோம் அதில் இடம்பெறவில்லை.

இல்லாததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. நுண்கரு எண்ணிக்கை ஒரு குழுவைப் பற்றிப் பேசுமே தவிர ஒரு மனிதரின் தலைவிதியைச் சொல்லாது. நார்டிக் நாடுகளிலும் இத்தாலியிலும் பரிசோதிக்கப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, குரோமோசோம் பிறழ்ச்சி மிகுந்தவர்களிடையே புற்றுநோயும் மிகுதி என்று லார்ஸ் ஹாக்மர் குழு 1990களில் காட்டியது. பத்து நாடுகளின் 6,718 பேரை வைத்து நுண்கருவுக்கும் அதையே 2007இல் ஸ்டெஃபானோ பொனாசி குழு காட்டியது. அந்த நாடுகளில் யாருக்கு எப்போது புற்றுநோய் வந்தது, யார் எதனால் இறந்தார் என்பதற்கு முழுமையான பதிவேடு உண்டு. அது இருந்ததால்தான் கண்ணாடித் தகட்டில் எண்ணிய எண் நோயோடு இணைந்தது. ராணிப்பேட்டையில் பரிசோதித்த ஒருவர் இருபது ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டுமானால் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

கணியம்பாடி இங்கேதான் வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை இந்த ஒன்றியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பல பத்தாண்டுகளாக வீடுவாரியாகப் பதிவுசெய்து வருகிறது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர் பிறப்பையும் இறப்பையும் சொல்ல, செவிலியர் சரிபார்க்க, மருத்துவர் குடும்பத்தாரிடம் கேட்டு இறப்பின் காரணத்தை உறுதிசெய்யும் அடுக்குமுறை அது. 1994 முதல் 1999 வரையான இறப்புகளை இப்படி ஆராய்ந்து, அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் தற்கொலைகளைக் குறைத்துக் காட்டுவதை 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நிறுவியது இந்தப் பதிவேடுதான். மரணத்தின் காரணத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைத்த கிராமப்புற ஒன்றியங்கள் இந்தியாவில் அதிகமில்லை.

தோல் தொழிலாளருக்கு ஒப்பீட்டுக் குழுவாகக் கணியம்பாடி விவசாயிகளை அப்படியே வைத்துவிடலாமா? முடியாது. அவர்களும் மருந்தடிக்கிறவர்கள். ஹைதராபாத் ஆய்வுகளின்படி அவர்களுடைய வெள்ளணுவும் சுத்தமான அளவுகோலாக நிற்காது. புகையிலை போடுவது, வயது, எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் ஆகியவையும் எண்ணிக்கையைக் கூட்டும். எல்லாவற்றையும்விட நம்மூரில் கவனிக்க வேண்டியது உணவு: இரத்தத்தில் ஃபோலேட்டோ பி12 வைட்டமினோ குறைந்தால், எந்த நஞ்சும் தீண்டாமலேயே நுண்கரு கூடும் என்பது ஃபெனெக்கின் பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அத்தனை பழியையும் குரோமியத்தின் மேலோ புகையிலையின் மேலோ போடுவது தவறு. ஊட்டக்குறை என்று சொல்லி முதலாளியை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. வீட்டுக்கு வீடு தொழில், உணவு, நோய் எல்லாம் தெரிந்த பதிவேடு இருந்தால்தான் இவற்றைப் பிரித்தெடுக்க முடியும். முப்பத்தாறு பேர் கொண்ட குழுவால் அது ஆகாது.

முடிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. அமெரிக்காவின் டௌ நிறுவனத்தில் பென்சீன் கையாண்ட தொழிலாளரின் குரோமோசோம்களைப் பரிசோதித்த டான்டே பிச்சியானோ, முடிவைப் பொருள்கொள்வதில் நிறுவனத்தோடு முரண்பட்டு விலகி, 1979இல் தானே வெளியிட்டார். அங்கு எழுந்த அச்சம் இங்கும் செல்லும்: சேதம் கூடியிருக்கிறது என்று தெரிந்தால் வேலையிடத்தைச் சுத்தம் செய்வதற்குப் பதில் ஆளை வேலையைவிட்டு நிறுத்தலாம். ஒப்பந்தக் கூலியாக வரும் தோல் தொழிலாளிக்கு அது நாளைய அரிசியைப் பற்றிய கேள்வி. ஆகவே குழுவின் சராசரியை வேலையிடத்தை மாற்றவே பயன்படுத்துவோம், தனியாளின் எண்ணை அவருக்கு மட்டுமே சொல்வோம் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளாமல் ஒரு துளி இரத்தமும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பீடி சுற்றும் பெண்களிடமிருந்து தொடங்கலாம். அவர்களைத் தொழிற்சாலை மருத்துவர் பார்ப்பதில்லை, குரோம் புண் போலக் காட்டுவதற்குப் புண்ணும் இல்லை, புகையிலைத் தூள் குழந்தை தூங்கும் அதே அறையில் கிடக்கிறது. கன்னத்தைச் சுரண்ட ஒரு மரக்குச்சி, கண்ணாடித் தகடு, மெத்தனால், சாயம். ஊர்ச் சுகாதாரப் பணியாளர் போகும் வழியில் எடுத்துவிடலாம். கன்னத்தின் அடியடுக்கில் நேர்ந்த சேதம் ஒன்று முதல் மூன்று வாரத்தில் மேலே வந்துவிடும். ஆகவே முகத்துணியும் கையுறையும் காற்றோட்டமும் கொடுத்த மறுமாதமே எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்கலாம். கூடவே ஹீமோகுளோபினும் ஃபோலேட்டும் அளந்து, குறைந்தவர்களுக்கு அன்றே மாத்திரை கொடுக்கலாம். பிசே 1990களில் மும்பையில் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்லத் தேவையானவை எல்லாம் கணியம்பாடியைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.