ரொட்டி ஈஸ்டும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகனுக்கு விடாத வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் புண்கள். காசநோயா, குரோன் நோயா என்று மருத்துவருக்கே சந்தேகம். இதற்கிடையே யாரோ சொன்னார்களென்று பையன் வெளியே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து வந்தான். தாளில் 'ஆஸ்கா பாசிட்டிவ்'. குரோன்தான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஆஸ்கா என்பது ரொட்டி ஈஸ்டுக்கு எதிரான ஆன்டிபாடி என்று கேள்விப்பட்டதும், தங்கை ரொட்டியையும் நிறுத்திவிட்டாள்.

நான் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். பழைய கோப்பைப் புரட்டாமல் எந்தத் தாளையும் நம்பமாட்டேன். பள்ளியில் படித்த பிரெஞ்சு இப்போது உதவியது.

1932-இல் நியூயார்க்கில் குரோனும் இரு சகாக்களும் இந்நோயை விவரித்தார்கள். இந்நோயாளிகளின் ரத்தத்தில் ஈஸ்டுக்கு எதிரான ஆன்டிபாடி அதிகம் என்று 1988-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைப் பரிசோதனையாக வளர்த்ததில் பெரும்பங்கு பிரான்சின் லீல் நகரத்துக்கு. ஈஸ்டின் மேல்தோலிலுள்ள மன்னான் என்ற சர்க்கரைப் பொருளைத்தான் இந்த ஆன்டிபாடி பிடிக்கிறது என்று 1996-இல் அவர்கள் காட்டினார்கள். அதே லீலில்தான் 1856-இல் பஸ்தேர் (நம்மவர்கள் பாஸ்டர் என்பார்கள்) பீட்ரூட் சாராய ஆலையின் புளிப்பை ஆராயப் போய் ஈஸ்டிடம் மாட்டிக்கொண்டார்!

பெருங்குடல் அழற்சிக்கு வேறொன்று: 'பி-ஆன்கா'. வெள்ளணுவின் கருவைச் சுற்றி ஒளிரும் ஆன்டிபாடி. 1998-இல் லீல் குழு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. ஆஸ்கா இருந்து பி-ஆன்கா இல்லையென்றால் குரோன் என்று சொல்வதில் பிறழாத்தன்மை 97 சதவீதம். ஆனால் குரோன் நோயாளிகளில் 49 சதவீதம் பேரைத்தான் அது கண்டுபிடித்தது. பாதிப் பேர் தப்பிவிடுகிறார்கள்.

நமக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. லீல் ஆய்வு குரோனைப் பெருங்குடல் அழற்சியிலிருந்து பிரிக்கப் பார்த்தது. குடல் காசநோய் அங்கே அபூர்வம். இங்கே அப்படியா? 2007-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சோதித்தபோது, காசநோயாளிகளிலும் பலருக்கு ஆஸ்கா இருந்தது. அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்று எழுதினார்கள். லீலின் பஸ்தேர் நிறுவனத்தை நடத்திய கால்மெத்தான் காசநோய்க்கு பி.சி.ஜி. தடுப்பூசி தந்தவர்களில் ஒருவர் என்பது என் மனதில் வந்து போனது.

இதில் தவறினால் ஆபத்து. குரோன் என்று ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே காசநோய் இருந்துவிட்டால் அது பரவிவிடும். மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் காசநோய் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தால் புண் ஆறவேயில்லை. அதன்பிறகே குரோன் சிகிச்சை. தாள் சொன்னது கடைசியில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதை நம்பியிருக்கக் கூடாது.

பையன் இப்போது வேலைக்குப் போகிறான். "மாமா, ரொட்டி சாப்பிடலாமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க, அம்மா நம்பமாட்டாங்க" என்றான். கேட்டேன். உனக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். தங்கை இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.