திருச்செங்கோட்டு ஏழைக் குடும்பங்களின் சேமிப்பு வரலாறு

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பெரும்பாலானவை வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களைச் சேர்ந்தவை. எனினும் கொங்கு நாடு நமக்கு அயல்நாடன்று. விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் ஆலயத்தையும், நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் சீனாபுரத்தையும் நாம் மறவோம். அக்கொங்கு நாட்டின் ஒரு பகுதியாகிய திருச்செங்கோட்டு வட்டாரத்தில், சென்ற நூற்றாண்டில் நடந்த ஒரு முயற்சியே இக்கட்டுரையின் பொருள். அது கோயில் வரலாறோ அரசர் வரலாறோ அன்று. கைக்கும் வாய்க்கும் எட்டாத வருவாயில் வாழ்ந்த குடும்பங்கள் நாலு காசு மிச்சம் பிடிக்க வழி தேடிய வரலாறு.

ஏழைகளுக்கு உதவ முன்வருவோர் பெரும்பாலும் முதலில் சொல்லும் சொல் 'சிக்கனமாக இருங்கள்' என்பதே. இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் விதித்த அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று. ஆனால் அது பொருள் உடையவனை நோக்கி, 'இவ்வளவோடு நிறுத்திக்கொள்' என்று சொல்லப்பட்டது. வரைந்துகொள்ள ஒன்றுமில்லாதவனிடம் அதே சொல்லைச் சொல்வது அறமாகுமா? திருச்செங்கோட்டு வரலாற்றைப் படிக்கும்போது இவ்வினா எழாமல் இராது.

அந்நாளில் சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களையும் தன்னுள் அடக்கியிருந்தது. அதில் திருச்செங்கோடு வட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் கம்பும் பருத்தியும் நிலக்கடலையும் விளையும். பொய்த்தால் கடன்தான் விளையும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. விதைக்கும் காலத்தில் கடன் வாங்கி, அறுக்கும் காலத்தில் விளைச்சலை அளந்து கொடுத்து, மீண்டும் விதைக்குக் கடன் வாங்குவது குடியானவர் வாழ்க்கையின் சுழற்சியாயிற்று.

அரசு இதனை அறியாமல் இல்லை. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. கோயம்புத்தூர் மாவட்ட வரலாற்று நூலை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தோற்றுவித்த சிற்றூர்க் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895, 1897 ஆண்டுகளில் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நல்ல திட்டந்தான். ஆயினும் சங்கத்தில் கடன் பெறப் பிணை வேண்டும். பிணைக்கு நிலமோ, நிலமுடைய உறவினரோ வேண்டும். அன்றாடக் கூலிக்குச் செல்லும் குடும்பம் சங்கத்து வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றது.

இந்நிலையில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. சேலத்தில் பேர்பெற்ற வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி, புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில் தம் மக்களோடு வந்து குடியேறினார். பின்னாளில் நடுவண் அமைச்சராக விளங்கிய க. சந்தானம் அவருக்குத் துணை நின்றார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் காந்தியடிகள் புதுப்பாளையத்துக்கு வந்தார்.

ஆசிரமம் என்றதும் தியானமும் பஜனையும் நம் நினைவுக்கு வரலாம். புதுப்பாளையத்தின் மையப் பணியோ பஞ்சை நிறுத்துக் கொடுத்து, நூலை நிறுத்து வாங்கி, கூலியைக் கையில் எண்ணிக் கொடுப்பது. சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் பஞ்சு பெற்றுச் செல்வர். வயல்வேலை இல்லாத நாள்களில் நூற்பர். நூலைக் கொணர்ந்து கூலி பெறுவர். அந்நூல் நெசவாளரிடம் சென்று கதராகும். கூலி சொற்பமே, அணாக்கணக்கில் எண்ணத்தக்கது. அது போதாதென்பது காந்தியடிகளையும் உறுத்தியது. அதனால்தான் 1935இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நூற்புக் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது.

அச்சொற்பக் கூலிக்கு மூன்று சிறப்புகள் இருந்தன என்பது என் கருத்து. மழையை நம்பாதது முதலாவது. கடனைத் தீர்க்கும் கணக்கில் வரவு வைக்கப்படாமல் ரொக்கமாகவே வந்தது இரண்டாவது. மூன்றாவதே தலையாயது: அது பெண்ணின் கைக்கு வந்தது. கணவனின் வருவாய் வட்டிக்கும் கள்ளுக்கடைக்கும் போனபின் எஞ்சியதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், உலை வைப்பவள் கையில் சில அணா தனியே இருந்தது பெரும் மாறுதல். சேமிப்பின் தொடக்கத்தைத் தேடினால் அது அந்தச் சுருக்குப் பையில்தான் இருக்கும்.

ஆனால் ஒரு புறம் நிரப்ப, மறுபுறம் ஒழுகிற்று. நூற்றுச் சேர்த்தது கள்ளுக்கடையில் கரைவதை ஆசிரமத்தார் நாள்தோறும் கண்டனர். மதுவிலக்குக்காகவே 1929இல் 'விமோசனம்' என்னும் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. இராஜாஜி ஆசிரியர், அப்போது ஆசிரமத்தில் வாழ்ந்த கல்கி கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். கதையும் படமும் நிறைந்த அவ்விதழ் பத்து இதழ்களோடு நின்றது. உப்புச் சத்தியாக்கிரகமும் சிறையும் குறுக்கிட்டன. குடியின் கேட்டை அறநூல் நடையில் உரைக்காமல், ஒரு குடும்பத்தின் கதையாகச் சொன்னதே அவ்விதழின் தனித்தன்மை. கள்ளுண்ணாமையை முதற்கடமையாகக் கொண்ட நம் மரபினர் இதனைத் தனியே படித்துப் பார்க்கலாம்.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. புதுப்பாளையத்தில் பன்னிரண்டாண்டுகள் கண்டறிந்தது இப்போது ஒரு மாவட்டம் முழுவதற்கும் சட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியராக இருந்த டிக்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அதனை ஊக்கத்தோடு நிறைவேற்றினார். மரமேறும் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களுக்காகப் பனைவெல்ல உற்பத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. வீட்டில் மிஞ்சும் காசு வேறு வழியில் கரையாதிருக்கச் சிக்கனச் சங்கங்களும் ஊக்குவிக்கப்பட்டன. அரசு இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது. இன்றுவரை நாம் கடையில் செலுத்தும் வரிக்கு இப்படியும் ஒரு முன்கதை உண்டு.

வரலாற்றாசிரியனுக்கு மகிழ்ச்சி தருவது, அப்போது ஒரு கணக்கெடுப்பும் நடந்தது என்பதே. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடுவின் குழுவினர், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்தனர். குடிக்குச் செலவான காசு இப்போது எங்கே போகிறது என்பதே அவர்கள் வினா. உணவும் துணியும் முன்னினும் மேம்பட்டன. பழைய கடனில் ஒரு பகுதி அடைந்தது. இதில் கருதத்தக்கது வரிசைமுறை. கையில் மிஞ்சியதும் ஏழைக் குடும்பம் உண்டியலைத் தேடி ஓடவில்லை. முதலில் வயிறாரச் சாப்பிட்டது, உடுத்தியது, கடனைக் குறைத்தது. இதனை 'சேமிக்கும் பழக்கம் இல்லை' என்று குறைசொல்வோர் உண்டு. நல்லுணவும் கடனடைப்பும் சேமிப்பல்லவா? மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி ஓடும் கடனை அடைப்பதைவிட மிகுந்த ஊதியம் தரும் சேமிப்பு எந்த வங்கியிலும் இல்லை.

கடன் என்றதும் 1938ஆம் ஆண்டு உழவர் கடன் நிவாரணச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மாகாணத்தின் உழவர் கடன் ஏறத்தாழ 200 கோடி ரூபாய் என்று 1935இல் சத்தியநாதன் அறிக்கை மதிப்பிட்டிருந்தது. புதிய சட்டம் வட்டியின்மேல் கைவைத்தது. 1932 அக்டோபர் 1க்கு முற்பட்ட கடன்களில் நிலுவையாய் நின்ற வட்டி தள்ளுபடியாயிற்று. முதலாகவோ வட்டியாகவோ, வாங்கியதைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. நூறு ரூபாய் வாங்கியவர் ஆண்டுதோறும் செலுத்தி இருநூறு கட்டியிருந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் கடனாளி அல்லர். பின்னர் வாங்கிய கடனுக்கு வட்டி நூற்றுக்கு 5 என்று குறைக்கப்பட்டது. சட்டத்துக்குப் பிந்திய காலத்துக்கு ஆண்டுக்கு ஆறேகால் விழுக்காடு.

எனினும் இச்சட்டத்தில் 'உழவர்' எனப்படுபவர் நிலத்தில் உரிமையுடையவர். நிலமற்ற கூலியாளும் தறிக்கூலியாளும் அதன் நிழலுக்குள் வரவில்லை. 1904இல் வெளியே நின்றவர்கள் 1938லும் வெளியே நின்றனர். 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கும் நிறுத்தப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் மீண்டும் வந்து, 1971இல் தளர்த்தப்பட்ட கதையை வாசகர் அறிவர்.

நிலமற்றவரிடம் கணக்குப் புத்தகம் வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரியில் தொடங்கியது. சில ஆண்டுகளில் அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் விரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான் என்பதால், திருச்செங்கோடும் அச்சேலத்துள் அடங்கும். மகளிர் சுய உதவிக் குழு என்னும் ஏற்பாட்டை இன்று விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரந்தோறும் சிறு தொகை, ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு பேரேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்புத்தகம். பிணைக்கு நிலம் கேட்கவில்லை; அடுத்த வீட்டுப் பெண்ணின் சொல்லே பிணை. சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து, அதன் வட்டியும் குழுவுக்கே திரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாத பலர், கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படும் கணக்கைக் கேட்டுக்கேட்டே வட்டிக் கணக்கு கற்றனர். ராட்டைக் கூலி பெண்ணின் கைக்கு வந்ததோடு நின்றது. குழுவோ அதனை அவள் பெயரில் எழுதியும் வைத்தது.

இக்கதை இங்கே இனிது முடிந்திருக்கலாம். ஆனால் காவிரிக் கரையில் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் விசைத்தறி நகரங்களாக வளர்ந்துவிட்டன. தறி ஓட்ட வரும் குடும்பம் முதலாளியிடம் முன்பணம் பெறும். தொழிலாளர் வழக்கில் அதற்குப் 'பாக்கி' என்று பெயர். குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ், இதனை வெறும் அடிமைத்தளையாக மட்டும் காணவில்லை. பாக்கியைக் கேட்டு வாங்குவதில் தொழிலாளரின் பேரமும் உண்டு என்று அவர் எழுதினார். உண்மைதான். கலியாணமோ மருத்துவச் செலவோ வரும்போது மொத்தப் பணம் தரும் இடம் அவர்களுக்கு வேறெங்கே இருக்கிறது? ஆனால் பாக்கி இருக்கும் வரை தறி மாற முடியாது. மாறினால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டுவார், கடன் ஆள் மாறும், தீராது. 2025இல் பள்ளிபாளையம் பகுதியில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர் சிலர் தம் சிறுநீரகத்தையே விற்ற செய்தி வெளியாகி, அரசு விசாரணையும் நடந்தது. 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்ட நாட்டில் இது நிகழ்ந்தது.

உதவ விரும்புவோர் இவ்வட்டாரக் குடும்பங்களோடு அமர்ந்து பேச வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. தினத்தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி 9,000 ரூபாய் கையில் தருவதாகக் கொள்வோம். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு நூற்றுக்குப் பத்துதான். ஆனால் நாள்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கையில் நிற்பது ஏறக்குறைய 4,500 ரூபாயே. அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு எண்பது ரூபாயைத் தொடும். அதே 9,000 ரூபாயைக் குழுவிலிருந்து மாதம் இரண்டு விழுக்காட்டில், குறையும் முதலுக்கு வாங்கி அதே நூறு நாளில் கட்டினால் வட்டி ஏறத்தாழ 300 ரூபாய். தண்டல் அட்டையில் நாளும் தொகையும் வரிசையாக இருக்கும். வட்டி இவ்வளவு என்று காட்டும் கட்டம் அதில் இராது.