கயிறு பிடித்த ஊர்

போன வாரம் உங்களைக் கோரல் மில் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். உள்ளே போக வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள். இயந்திரங்கள் ஓடவில்லை. வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்திருப்பீர்கள். வாருங்கள், தூத்துக்குடிக்குப் போவோம்.

மில்லுக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம் கடலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். காரணம் இருக்கிறது.

அந்த நாளில் முத்துக் குளித்தவர் எப்படி இறங்குவார் தெரியுமா? காலடியில் கல். உடம்போடு ஒரு வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கல்லின் கனத்தோடு நேரே அடிக்குப் போவார். கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். தோணியில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். பராக்குப் பார்த்தால் போயிற்று.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது?

மைத்துனன் கையில். இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது இது. கூடப்பிறந்தவன்கூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விடலாம். மைத்துனன் விடமாட்டான். கீழே கிடப்பது அவன் அக்காளின் தாலி.

1908 பிப்ரவரி 27 அன்று மில்லை விட்டு வெளியே வந்தவர்களும் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள்தான். விடிந்தால் உள்ளே போய், இருட்டினால் வெளியே வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அவர்களோடு இருந்தார்கள். பிந்தி வந்தால் அடி. கேட்டது என்ன? கூலி உயர்வு. வாரம் ஒரு நாள் ஓய்வு. நேரக் குறைப்பு. இவ்வளவுதான்.

கையில் சேமிப்பு இல்லை. சங்கம் இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கவே இன்னும் 10 ஆண்டு இருக்கிறது. எத்தனை நாள் மூச்சு தாங்கும்?

கயிறு யார் கையில்?

முதலில் பிடித்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. ஏன் பிடித்தார்? அன்றைக்கே இதற்கு ஒரு பதில் ஊரில் உலவியது. மில் முதலாளி ஹார்வி. பி.ஐ. என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜென்டும் அதே ஹார்விதான். பிள்ளையின் சுதேசிக் கப்பலை மூழ்கடிக்கக் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிய கம்பெனி அது. கடலில் அடித்தவனைத் தரையில் திருப்பி அடிக்கிறார் பிள்ளை என்றார்கள்.

நான் இதை முழுக்க மறுக்கமாட்டேன். கோபம் இருந்திருக்கும். ஆனால் கணக்குப் பார்க்கிற மனிதர் இந்த வேலையில் இறங்குவாரா? அவருடைய கப்பல் கம்பெனி நின்றது வியாபாரிகளின் பங்குப் பணத்தில். வேலைநிறுத்தம் கலவரமானால் பங்குதாரர் மிரளுவார்கள், அரசு பாயும், கப்பலும் போகும். அது தெரிந்தேதான் இறங்கினார். ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாக இருந்த நாளிலேயே ஏழைகளுக்காகக் கோர்ட்டு ஏறியவர் அவர். பழக்கம் விடவில்லை.

பக்கத்தில் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த நெருப்பு. கூட்டம் கூடினால் ரஷ்யாவில் தொழிலாளிகள் எழுந்த கதையைச் சொல்லுவார். கேட்டவர்கள் ரஷ்யாவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கதை அவர்கள் வீட்டுக் கதையாக இருந்தது.

எதிரே யார்? ஜாயின்ட் மாஜிஸ்திரேட் ஆஷ். போலீஸ் வந்து இறங்கியது. பயம் தெருவுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஊர் நுழைகிறது.

வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள். வேலையிழந்தவர்களில் சிலருக்கு ஊருக்குள்ளேயே வேறு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். வக்கீல்கள் கூடினார்கள். இதெல்லாம் பெரிய மனிதர்கள் செய்தது, ஏடுகளில் இருக்கிறது. என் மனம் நிற்பது வேறோர் இடத்தில்.

ஒரு சவரக் கத்தியின் முனையில்.

தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படும் சம்பவம் இது. ரங்கசாமி ஐயங்கார் என்ற வக்கீல், போராட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவர், சவரத்துக்கு உட்கார்ந்தார். அன்றைய சவரம் எப்படி? எதிரெதிரே குந்தியிருப்பார்கள். நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர். தோலில் தீட்டிய கத்தி. முகத்தை நனைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒரு பக்கம் மழித்தாயிற்று. பேச்சு வேலைநிறுத்தத்தின் பக்கம் போனது. வக்கீல் தன் எதிர்ப்பை மறைக்கவில்லை.

கத்தி நின்றது.

அவ்வளவுதான். மீதி முகத்தை அப்படியே விட்டுவிட்டு அந்தத் தொழிலாளி எழுந்துவிட்டார். பாதி மழித்த முகத்தோடு வக்கீல் உட்கார்ந்திருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சவரத் தொழிலாளி மில்லில் வேலை பார்த்தவர் இல்லை. கூலி உயர்ந்தால் அவருக்கு ஒரு தம்பிடி வரப்போவதில்லை. எழுந்ததால் அன்றைய வரும்படி போயிற்று. எதிரே இருப்பவர் வக்கீல். நாளைக்கு வழக்குப் போட்டால் என்ன செய்வார்? அவருடைய பெயரைக்கூட நமக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கயிறு சுண்டியதும் அவர் கை இழுத்துவிட்டது.

எட்டாம் நாள். மார்ச் 5.

ஒரு மில் தொழிலாளியின் வீட்டை மனதில் கொண்டு வாருங்கள். ராத்திரி. குடித்த கஞ்சி போதவில்லை. “ஏலே, இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கிழவி கேட்டிருப்பாள். “தெரியலம்மா” என்றிருப்பான் மகன். வேறு என்ன சொல்ல முடியும்? நாளைக்குப் பத்துப் பேர் மனம் தளர்ந்து மில்லுக்குள் நுழைந்தால், மறுநாள் நூறு பேர் போவார்கள். எல்லாம் முடிந்தது. அதற்காகத்தான் நிர்வாகம் காத்திருந்தது.

நிர்வாகத்தின் பக்கமும் பாருங்கள். கதிர்கள் சுழலவில்லை. நூல் இல்லை. ஆனாலும் ஹார்வி கம்பெனிக்கு ஒன்பது நாள் நஷ்டம் பெரிதா? தாங்கியிருக்கும். தாங்க முடியாதது வேறு. பட்டினி போட்டால் அடங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. சோறு போட ஊரே இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. மில்லை நடத்தலாம், இப்படி ஓர் ஊரைப் பகைத்துக்கொண்டு நடத்த முடியாது.

மார்ச் 6.

வ.உ.சி.யைத் தேடி ஒருவர் வருகிறார். மில்லின் தலைமைக் குமாஸ்தா சுப்பிரமணிய பிள்ளை. முதலாளியின் ஆள்.

மிரட்டலா? பேரமா?

இரண்டும் இல்லை. முதலாளிகள் கோரிக்கைகளை ஏற்கத் தயார் என்ற செய்தியைக் கொண்டு வந்திருந்தார்.

இந்த இடத்தில் வ.உ.சி. தனியாகப் போயிருக்கலாம். கோட்டை மாட்டிக்கொண்டு, வக்கீலாக, துரைகளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. தொழிலாளிகளில் 50 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். விடிந்ததும் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள், அன்று நிமிர்ந்து அதே வாசலைத் தாண்டினார்கள். துரைகள் பேசியதை அவர்களே நின்று கேட்டார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

கூலி உயர்ந்தது. நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கிடைத்தது.

மறுநாள் மில் ஓடியது. வங்காளத்திலிருந்து அரவிந்தர் பாராட்டி எழுதினார். ஊரில் வேறு வெள்ளைக்காரக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும் தலையை நிமிர்த்தினார்கள்.

கலெக்டர் விஞ்ச் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மில் கூலி உயர்த்தியது அவரை உறுத்தியிருக்காது. சவரக் கத்தி பாதியில் நின்றதே, அது உறுத்தியிருக்கும். யாரும் உத்தரவிடாமல் ஓர் ஊர் ஒன்றாக அசைகிறது. அந்தக் கயிற்றை எங்கே அறுப்பது?

சமயம் தானாக வந்தது. மார்ச் 9, வங்காளத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து வெளிவரும் நாள். கொண்டாடக் கூடாது என்றது அரசு. கொண்டாடுவோம் என்றார்கள் வ.உ.சி.யும் சிவாவும். சொன்னபடி கொண்டாடினார்கள்.

மூன்றாம் நாள், திருநெல்வேலியில், இருவரும் விஞ்சின் எதிரே நிற்கிறார்கள்.

விஞ்ச் ஒரு நிபந்தனை வைத்தார். ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் வாசலில் போலீஸ்.

வ.உ.சி. வாயைத் திறந்தார்...

(அடுத்த வாரம்)