ஒழுங்குபடுத்தும் டி உயிரணு

ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் என்பவை உடலின் நோயெதிர்ப்பு வினைகளை அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள் ஆகும். இவை சுருக்கமாக டிரெக் அணுக்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. குருதியில் உள்ள சிடி4 வகை டி உயிரணுக்களுள் இவற்றின் பங்கு ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு. உடல் தன் சொந்தத் திசுக்களைத் தாக்கிக்கொள்ளாமல் தடுப்பது இவற்றின் முதன்மைப் பணி. அதே பணி புற்றுநோய்க் கட்டிக்குள் நடைபெறும்போது கட்டிக்கே காவலாகி விடுகிறது.

கண்டுபிடிப்பு

நோயெதிர்ப்பை அடக்கும் டி உயிரணுக்கள் உண்டு என்னும் கருத்து 1970களிலேயே முன்வைக்கப்பட்டது. அவற்றைத் தனித்து அடையாளம் காட்டும் மூலக்கூறு கிடைக்காததால் 1980களின் இறுதியில் அக்கருத்து மதிப்பிழந்தது. சப்பானிய அறிவியலாளர் சிமோன் சக்காகுச்சி மட்டும் இத்தேடலை விடவில்லை. 1995இல் அவர், சிடி25 புரதத்தைத் தாங்கிய அணுக்களை நீக்கிவிட்டு, எஞ்சிய டி உயிரணுக்களைத் தைமசுச் சுரப்பி இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். எலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றின. நீக்கிய அணுக்களையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது.

2001இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்சுடெல் ஆகியோரின் குழு, கடும் தன்னெதிர்ப்பு நோயுடன் பிறக்கும் ஒருவகை எலியில் ஃபாக்சுபி3 என்னும் மரபணு பழுதடைந்திருப்பதைக் கண்டறிந்தது. இம்மரபணுவே டிரெக் அணுக்களின் உருவாக்கத்தை ஆள்கிறது என்பது 2003இல் தெளிவாயிற்று. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுநோயில் பங்கு

புற்றணுக்கள் உடலின் சொந்த அணுக்களிலிருந்தே தோன்றுவதால், அவற்றின் மீதான தாக்குதலையும் டிரெக் அணுக்கள் அடக்குகின்றன. கட்டிகள் சில வேதிச் சைகைகளைச் சுரந்து இவ்வணுக்களைத் தம்மிடம் ஈர்க்கின்றன. சூலகப் புற்றுநோயில் சிசிஎல்22 என்னும் புரதம் இவ்வாறு செயற்படுவது 2004இல் காட்டப்பட்டது. கட்டியில் இவ்வணுக்கள் மிகுந்திருந்த நோயாளிகள் குறைந்த காலமே வாழ்ந்தனர்.

கட்டிக்குள் நுழைந்த டிரெக் அணுக்கள், பிற டி உயிரணுக்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2ஐத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. மேலும் சிடிஎல்ஏ-4 என்னும் புரதத்தின் வழியாக, தாக்குதலைத் தூண்டும் அணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன.

கட்டி வளரக் குருதிக் குழாய்களும் தேவை. இவ்வாய்வுத் துறையில் மதுரைக்கும் ஓர் இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வை வளர்த்த வி. ஆர். முத்துக்கருப்பன், அமெரிக்காவின் இராபர்ட் அவர்பாக்குடன் இணைந்து, எலியின் விழிவெண்படலத்தில் புதுக் குருதிக்குழாய்கள் தோன்றுவதை ஆராயும் முறையை 1979இல் வெளியிட்டார். இயல்பில் குழாய்களே இல்லாத படலம் என்பதால், புதிதாக முளைப்பது எதுவும் தெளிவாகத் தெரியும். உயிர்வளி குறைந்த கட்டிகள் டிரெக் அணுக்களை ஈர்ப்பதும், அவ்வணுக்கள் குழாய் வளர்ச்சியைத் தூண்டுவதும் பின்னர் 2011இல் அறியப்பட்டன.

ஆயினும் இவ்வணுக்கள் மிகுந்திருப்பது எல்லாப் புற்றுநோய்களிலும் தீய அறிகுறி அன்று. பெருங்குடல் புற்றுநோயில் சில ஆய்வுகள் இதற்கு நேர்மாறான முடிவைத் தந்துள்ளன. அங்கு குடல் நுண்ணுயிரிகளால் எழும் அழற்சியை இவை தணிப்பது காரணமாகலாம்.

மருத்துவம்

டிரெக் அணுக்களை முற்றிலும் அழிப்பது தீர்வாகாது. அப்போது உடல் தன் குடலையும் தோலையும் சுரப்பிகளையும் தாக்கத் தொடங்கும். சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இப்பிலிமுமாப் மருந்துக்கு 2011இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கடும் குடல் அழற்சி அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. பழைய, விலை மலிந்த மருந்தான சைக்குளோபாசுபமைடும் சிறு அளவில் தரப்படும்போது இவ்வணுக்களைக் குறைக்கிறது.

இந்திய ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதி. புகையிலையும் பாக்கும் முதன்மைக் காரணங்கள். புதிய நோயெதிர்ப்பு மருந்துகளின் விலையோ பெரும்பாலோருக்கு எட்டாதது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்ததாக 2022இல் வெளியிட்டது. இம்மருந்து தடுக்கும் பிடி-1 புரதம் டிரெக் அணுக்களிலும் உள்ளது. அதனால் சிலரிடம் அவ்வணுக்களும் பெருகி நோய் விரைவதுண்டு என்பதை, இரைப்பைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த சப்பானிய ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது.