நியூயார்க்கு நகரப் பாலங்களும் கண்ணாடித் தகட்டுச் சான்றுகளும்

சரித்திரம் என்றவளவில் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் நம்மனோர் நினைவிற்கு வருதல் இயல்பே. நகர ஆட்சியார் தம் அலுவலகத்தில், கணக்குப் புத்தகங்களோடு ஒருங்கே அடுக்கிவைத்த நிழற்படங்களும் சரித்திரச் சான்றாகுமோ என ஐயுறுவார் உளர். ஆகும் என்பதே எம் துணிபு. அதனை நியூயார்க்கு மாநகரின் வரலாறு ஒன்றுகொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1898-ஆம் ஆண்டில் மன்ஹாட்டன், புரூக்ளின் முதலிய ஐந்து பகுதிகளும் ஒருங்கிணைந்து அம்மாநகர் பெருநகராயிற்று. இடையே ஓடும் கிழக்கு நதியின்மீது அப்பொழுது நின்றது 1883-இல் திறக்கப்பெற்ற புரூக்ளின் பாலம் ஒன்றே. பின்னர் 1903-இல் வில்லியம்ஸ்பர்க்குப் பாலமும், 1909-இல் குயின்ஸ்பரோ, மன்ஹாட்டன் என்னும் இரு பாலங்களும் எழுந்தன. இவற்றைக் கட்டவும் காக்கவும் நகர ஆட்சியில் பாலங்களுக்கென்றே ஓர் இலாகா இருந்தது. அவ்விலாகா தனக்கென ஒரு நிழற்படக்காரரைச் சம்பளத்திற்கு அமர்த்தியது. அழகு கருதி அன்று. கண்டிராக்டர் எவ்வளவு வேலை முடித்தார், எந்நாளில் எத்தூண் எவ்வளவு உயர்ந்தது, வண்டிகள் மோதிய இடத்தில் சிதைந்தது யாது என்பவற்றை உள்ளவாறு பதிவதே அவர் கடன்.

அக்கடனை நெடுங்காலம் ஆற்றியவர் யூஜீன் டி சாலின்யாக் என்பார். 1861-இல் பாஸ்டன் நகரிற் பிறந்த இவர், 1903-இல் தம் மைத்துனர் முயற்சியால் அவ்விலாகாவில் ஜோசப் பால்மர் என்னும் நிழற்படக்காரர்க்கு உதவியாளராய்ச் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 42. அவ்வயதில் புதுத்தொழில் பயிலப் புகுந்த ஊக்கம், எம் போன்ற நாற்பது கடந்தார்க்குச் சற்றே தெம்பளிப்பதாம். 1906-இல் பால்மர் திடீரென இறக்கவே, பொறுப்பு முழுதும் இவர்மேல் விழுந்தது. அதுமுதல் 1934 வரை, எழுபத்துமூன்றாம் வயதளவும், இவர் எடுத்த படங்கள் ஏறத்தாழ 20,000 ஆகும்.

இக்காலத்துச் சட்டைப்பையில் அடங்கும் கருவிகொண்டு எடுத்தனவல்ல அவை. எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமுமுள்ள கண்ணாடித் தகடுகளில் எடுத்தவை. கனத்த பெட்டியையும் முக்காலியையும் தகடுகளையும் சுமந்துசென்று, கருந்துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாய்த் தோன்றும் உருவத்தைக் கூர்ந்துநோக்கிச் செம்மை செய்தல் வேண்டும். தகடு சற்றே தவறின் உடைந்தொழியும். ஒவ்வொன்றற்கும் எண்ணும் நாளும் இட்டுவைத்தலே இவற்றின் உயிர்நாடி. நாளில்லாத படம் வெறும் காட்சி. நாளுள்ள படமோ சாட்சி.

அச்சாட்சி எத்துணை வேண்டப்படுவது என்பதற்கு அக்காலத்து நிகழ்ந்த ஒரு பேரிடரைக் காட்டுவோம். கனடா நாட்டில் கியூபெக்கு நகரருகே ஒரு பெரும்பாலம் கட்டப்பெற்று வந்தது. அதற்கு ஆலோசனைப் பொறியாளர் நியூயார்க்கிலிருந்த தியோடர் கூப்பர். 1907 ஆகஸ்டில் அதன் கீழ்ப்புறத்து எஃகுறுப்பொன்று முக்கால் அங்குலம் வளைந்திருத்தலைப் பணியிடத்தார் கண்டனர். சின்னாளில் அவ்வளைவு இரண்டேகால் அங்குலமாயிற்று. சுமை தாங்காது வளைகின்றது என்றனர் சிலர். எஃகுவேலை செய்த கம்பெனியாரோ, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வளைந்திருந்தது என்று சாதித்தனர். முன்னிலை யாது, பின்னிலை யாது என்பதொன்றே வழக்கு! கடிதமும் தந்தியும் பறந்துகொண்டிருக்கவே, ஆகஸ்டு 29-ஆம் நாள் மாலை பாலம் நதியில் விழுந்தது. எழுபத்தைந்து தொழிலாளர் மாண்டனர். அவ்வுறுப்பு மாட்டப்பெற்ற நாளிலேயே நாளிட்ட ஒரு தெளிந்த படம் எடுத்திருப்பின், வாதத்திற்கு இடமேது? பாலத்தின் எடையைக் குறைத்துக் கணக்கிட்ட மூலப்பிழையை எப்படமும் காட்டியிராது என்பதும் உண்மையே. ஆயினும், மேலிருந்த பணியாளரை அன்று இறக்கிவிடுதற்கு அச்சான்று ஒன்றே போதியதாயிருந்திருக்கும்.

அவ்வதிர்ச்சி நியூயார்க்கையும் தாக்கிற்று. கட்டிமுடியாதிருந்த குயின்ஸ்பரோ பாலத்தின் கணக்குகளை மீண்டும் ஆராய்வித்தனர். முதலில் நினைத்ததினும் மிகுந்த சுமை அதன்மேல் ஏற்றப்படவிருந்தமை புலனாகவே, மேல்வழி இருப்புப்பாதைகளை நான்கினின்று இரண்டாகக் குறைத்த பின்னரே 1909 மார்ச்சில் திறந்தனர்.

சாலின்யாக்கின் படங்களுள் யாவரும் அறிந்தது 1914 அக்டோபர் 7-ஆம் நாள் எடுத்தது. புரூக்ளின் பாலத்துத் தொங்கு கம்பிகளிடையே, நிலத்தினின்றும் நெடுந்தொலைவு மேலே, வண்ணம் பூசுவோர் சிலர் யாழ்நரம்பிற் பறவைகள் அமர்ந்தாற்போலச் சாய்ந்தும் இருந்தும் காட்சி தருகின்றனர். கையில் தூரிகை பிடித்துத் தொழில்செய்யும் நிலையில் அவர்கள் இல்லை. படத்திற்காகவே அங்ஙனம் அமர்ந்தனர் என்று காண்பார் எவர்க்கும் தோன்றும். இதனால் சான்றின் மதிப்பு குறையுமெனின், குறையாது என்போம். கணக்கிற்கு வேண்டியது பூச்சின் அளவு மட்டுமே. அதனைப் பூசினாரையும் இலாகாவின் தகட்டில் ஏற்றியது அவர் உள்ளம். பாலத்தைக் கட்டுவித்தார் பெயரைக் கல்லிற் பொறிக்கின்றோம். கம்பியில் தொங்கி அதனைத் துருவினின்றும் காப்பார்க்கு அத்தகட்டினும் வேறு கல்வெட்டில்லை.

சாலின்யாக் 1943-இல் இறந்தார். தகடுகள் நகர ஆவணக் காப்பகத்திற் கிடந்தன. எடுத்தவர் பெயரோ மறைந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1999-இல் அக்காப்பகத்திற் பணியாற்றிய மைக்கேல் லோரன்சினி என்பார் அப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாய் நோக்கிவருகையில், அவற்றின் அமைப்பெல்லாம் ஒருவர் கண்ணின் வழிப்பட்டன என உணர்ந்தார். பழைய பதிவுகளைத் துருவி ஆளையும் கண்டறிந்தார். 2007-இல் அப்படங்கள் நூலாக வெளிவந்ததோடு, நியூயார்க்கு நகர அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பெற்றன.